ஏங்கவியல்: ஓர் அறிமுகம்

தமிழ்க் குடும்பத்தில் மிக அதிகமாக அழைக்கப்படுபவரும் மிகக் குறைவாகப் பெயர் சொல்லப்படுபவரும் ஒருவரே. அவர் கணவர். இந்த முரண்பாட்டை அறிஞர் பெருமக்கள் இதுவரை ஆராயாமல் விட்டது வியப்பளிக்கிறது. ஆராய உட்கார்ந்த வேளையில் உள்ளேயிருந்து ‘ஏங்க’ என்று குரல் வந்து, எழுந்து போயிருக்கலாம்.

முதலில் தரவுகள். கொங்கு நாட்டில் ‘ஏனுங்க’, யாழ்ப்பாணத்தில் ‘இஞ்சாருங்கோ’, அக்கிரகாரத்தில் ‘ஏன்னா’, பிற இடங்களில் ‘ஏங்க’, ‘என்னங்க’. சொந்தத்தில் கட்டியவர்களுக்கு ‘மாமா’, ‘மச்சான்’ என்ற முறைப்பெயர்கள் கைகொடுக்கும். ‘அத்தான்’ கறுப்பு வெள்ளைப் படங்களில் வாழ்ந்த அளவுக்கு வீடுகளில் வாழ்ந்ததா என்பது ஆய்வுக்குரியது. சொல்லே இல்லாத வகையும் உண்டு: தொண்டையைச் செருமுதல், வளையலைக் குலுக்குதல், பாத்திரத்தை ஓங்கி வைத்தல். இவற்றுள் கடைசியானது அழைப்பு அன்று, அறிவிப்பு. விளி என்பது எட்டாம் வேற்றுமை என்கிறது இலக்கணம். கணவர் விஷயத்தில் வேற்றுமை உண்டு, பெயர்தான் இல்லை.

ஆள் எதிரில் இல்லாதபோது சிக்கல் பெரிதாகிறது. ‘கண்ணன் அப்பா’ என்று சொல்லலாம். ஆனால் அதற்குக் கண்ணன் பிறந்திருக்க வேண்டும். அதுவரை ‘அவங்க’தான். மூன்று மருமகள்கள் உள்ள கூட்டுக் குடும்பத்தில் மூவரும் ‘அவங்க இன்னும் வரல’ என்றால் எந்த அவங்க என்பதைச் சொன்னவளின் முகத்தைப் பார்த்து மாமியார் கண்டுபிடித்துவிடுவார். மொழியியலாளர் எவருக்கும் இந்தத் திறமை வாய்த்ததில்லை.

இவ்வழக்கம் நேற்று முளைத்ததன்று என்பதே இக்கட்டுரையின் துணிபு. காதலைப் பாடும் அகத்திணைப் பாட்டில் தலைவன், தலைவி இருவரின் இயற்பெயரையும் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியர் விதித்தார். குறுந்தொகை 401 பாட்டிலும் தேடினாலும் தலைவனின் பெயர் அகப்படாது. பாடியவர் சிலரின் பெயரே தொலைந்துபோய், செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், குப்பைக் கோழியார் என்று அவரவர் சொற்றொடரையே பெயராகச் சூட்ட வேண்டியதாயிற்று. நெடுநல்வாடையின் கதை இன்னும் பரிதாபம். பிரிவில் வாடும் தலைவியைப் பற்றி அத்தனை வரி எழுதியும், வேலில் வேப்பம்பூ மாலை கட்டியிருந்ததைச் சொல்லிவிட்டார் நக்கீரர். வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. ஆள் யாரென்று தெரிந்துவிட்டதால் பாட்டு புறத்திணை ஆகிவிட்டது என்று தீர்ப்பெழுதினார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். பெயரைக்கூடச் சொல்லவில்லை, ஒரு பூவைத்தான் சொன்னார். அதற்கே இந்தத் தண்டனை. புலவர்கள் எப்போதோ கைவிட்ட அந்த விதியை, சமையலறையிலிருந்தபடி விடாமல் காத்துவந்தவர்கள் நம் பாட்டிமார்.

தென்னாப்பிரிக்காவில் ஜூலு இனப் பெண்கள் நம்மையும் விஞ்சினார்கள். மாமனாரின் பெயரை மட்டுமல்ல, அப்பெயரிலுள்ள அசை வரும் வேறு சொற்களையும் விலக்கி, மாற்றுச் சொற்களைக் கொண்டே பேசினார்கள். ‘ஹ்லோனிபா’ என்று அதற்குப் பெயர். நம்மூரில் முருகனைக் கட்டியவள் ‘வேலவா’ என்று கும்பிட்டால் வேலை முடிந்தது. கடவுளுக்கு ஆயிரம் பெயர் இருப்பதன் பயன் இங்கேதான் விளங்குகிறது.

பெயரைச் சொன்னால் கணவரின் ஆயுள் குறையும் என்பது பாட்டிமார் தந்த விளக்கம். கணவர் மனைவியின் பெயரைச் சொன்னால் அவள் ஆயுள் குறையும் என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. ஆயுள் ஒரு பக்கம் மட்டும் குறைகிற இந்த விந்தையை மருத்துவ உலகம் கவனிக்க வேண்டும். விதி இல்லாவிட்டாலும் ஆண்களும் மனைவி பெயரை எளிதில் சொல்லிவிடுவதில்லை. ‘இந்தா’, ‘ஏ புள்ள’ என்பார்கள். வெளியாரிடம் ‘வீட்ல கேட்டுச் சொல்றேன்’ என்பார்கள். அவருக்குக் கூச்சம், அவளுக்குக் கட்டளை. இரண்டையும் மரியாதை என்ற ஒரே கணக்கில் எழுதியது மோசடி என்பது இவ்வாய்வாளரின் கருத்து.

களத்தில் மிகக் கடினமான இடம் கோயில் சன்னதி. அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு ‘பேரு, நட்சத்திரம்?’ என்பார் அர்ச்சகர். அம்மாள் பிள்ளையைப் பார்ப்பாள். பிள்ளை பெயரைச் சொல்லும். பிள்ளை பக்கத்தில் இல்லையென்றால், ‘சாமி பேருக்கே பண்ணிடுங்க’. இந்த வாக்கியத்தை நெடுங்காலமாக நாம் பக்திக் கணக்கில் வரவு வைத்துவந்தோம். ஒரு பகுதியையாவது தள்ளுபடி செய்ய வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டு, ரேஷன் கடை வரிசை ஆகிய இடங்களிலும் இதே காட்சிதான். அங்கே தப்பிக்கச் சாமி மட்டும் இல்லை.

இப்படியே போனதில், சொல்லக்கூடாதது யார் பெயர் என்பதே சில இடங்களில் குழம்பிப்போயிற்று. 1951-52 முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுக்க வந்தவர்களிடம், பெரும்பாலும் வடக்கே, பல பெண்கள் தம் சொந்தப் பெயரையே சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதிவானார்கள். அப்படி எழுதுவது செல்லாது என்றார் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். ‘கண்ணன் அம்மா’வுக்கு ஓட்டு கிடையாது.

இன்றைய பெண்கள் கணவரைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். சிலர் ‘டா’வும் சேர்க்கிறார்கள். மாமனார் ஊரிலிருந்து வந்திருக்கும் நாட்களில் அதே வாய் ‘ஏங்க’ என்கிறது. அவர் பஸ் ஏறியதும் ‘டா’ திரும்பிவிடுகிறது. ஆகவே ஏங்கவியல் அழிந்துவிட்டது என்று முடிவுகட்டுவது அவசரம்.

பரிந்துரை ஒன்றே ஒன்று. சன்னதியிலோ, ஆஸ்பத்திரியிலோ, எந்த அலுவலக ஜன்னலிலோ பெண்ணிடம் விவரம் கேட்பவர்கள், ‘வீட்டுக்காரர் பேரு என்னம்மா?’ என்று தொடங்க வேண்டாம். ‘உங்க பேரு?’ என்று கேளுங்கள். அதைச் சொல்ல எந்த விலக்கும் இல்லை.