கொன்றை யாரைக் கொன்றது?

சித்திரை பிறந்து கொன்றை தொங்கத் தொடங்கினால் எனக்கு வரும் கடிதங்களிலும் மஞ்சள் ஒட்டிக்கொள்கிறது. இந்த முறையும் தப்பவில்லை.

வாசகர், மாங்குளம்: கொன்றை என்று ஏன் பெயர் வந்தது? யாரைக் கொன்றது?

ஒருவரையும் இல்லை. வாலியை அடிக்க இராமர் மறைந்து நின்ற மரம் இதுதான், அதனால்தான் இந்தப் பெயர் என்று கேரளத்தில் ஒரு கதை உண்டு. அங்கே மரமும் ‘கொன்ன’, கொன்றதும் ‘கொன்ன’; கதை கட்ட நல்ல வசதி. அம்பு விட்டவர் அயோத்தியில் முடிசூடிக்கொண்டார். மறைவு கொடுத்த மரம் இன்றைக்கும் பெயரில் தண்டனை அனுபவிக்கிறது! ஒன்று அங்கே ‘ஒன்னு’ ஆனதுபோல, கன்று ‘கன்னு’ ஆனதுபோல, கொன்றை ‘கொன்ன’ ஆனது. ஓசை ஒத்துப்போனால் உறவாகிவிடுமா? சங்கப் புலவர்கள் இந்தப் பூவைப் பொன்னுக்கு ஒப்பிட்டார்களே தவிர, பொலிஸில் முறைப்பாடு கொடுக்கவில்லை.

வாசகி, ஒட்டுசுட்டான்: கார்த்திகையில் பூத்தால் கார்த்திகைப்பூ. சித்திரையில் பூக்கும் இது ஏன் சித்திரைப்பூ ஆகவில்லை?

பழைய பாட்டுகளில் கொன்றை, மழை தொடங்கும் கார்காலத்துப் பூ. குறுந்தொகை 66ஆம் பாட்டில், பருவம் தப்பிப் பெய்த மழையைக் கார் என்று நம்பிப் பூத்துவிட்டதாகத் தோழி மரத்துக்கு மடமைப் பட்டம் கட்டுகிறாள். 21ஆம் பாட்டில் தலைவி இன்னும் ஒரு படி மேலே: கார் வந்துவிட்டது என்று கொன்றை பூத்த காடே சொன்னாலும் நம்பமாட்டாளாம், காரில் திரும்புவேன் என்ற தலைவர் பொய் சொல்லாதவராம். ஆக மரம் முதலில் முட்டாள், பிறகு பொய்ச்சாட்சி, கடைசியில் கொலையாளி. அது பாட்டுக்குப் பூத்துக்கொண்டு நிற்கிறது.

மாணவன், பூநகரி: தாவரவியல் பெயரின் பொருள் என்ன?

காசியா ஃபிஸ்டுலா. ‘ஃபிஸ்டுலா’ என்றால் லத்தீனில் குழல். இவ்வளவு பூவையும் விட்டுவிட்டுக் காயைப் பார்த்து வைத்த பெயர்! ஆனாலும் முற்றிய காய் ஒன்றைக் கையில் எடுத்தால் கோபம் ஆறிவிடும். இரண்டடி வரை நீளம், கறுத்த உருளை. ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும். உடைத்தால் காசு அடுக்கியதுபோலத் தட்டுத் தட்டாக இருக்கும். தட்டோடு ஒட்டிக் கரிய பசை. இனிக்கும். நாட்டு வைத்தியர் பேதிக்குக் கொடுப்பதும் அதைத்தான். ஆகவே நக்கிப் பார்த்துவிட்டு மறுநாள் பள்ளிக்கூடம் போகாமல் இருக்க வேண்டாம். பவுத்திரத்துக்கு டொக்டர்மார் சொல்வதும் இதே ஃபிஸ்டுலாதான். அங்கேயும் குழல், இடம்தான் வேறு.

வாசகர், புளியங்குளம்: தெருவோரம் மஞ்சளாகப் பூப்பதெல்லாம் கொன்றையா?

அண்ணாந்து பாருங்கள். பூச்சரம் கீழே தொங்கினால் சரக்கொன்றை. மேலே நிமிர்ந்து நின்றால் அது பெருங்கொன்றை போன்ற வேறு சாதி.

வாசகர், கிளிநொச்சி: ஒளவையாரின் ‘கொன்றை வேந்தன்’ எந்த ஊர் அரசன்?

ஊரும் இல்லை, அரசனும் இல்லை. கொன்றை சூடிய சிவன். கடவுள் வாழ்த்தின் முதற் சொற்களே நூலுக்குப் பெயராகிவிட்டன.

வாசகி, முல்லைத்தீவு: வன்னிக்கும் கொன்றைக்கும் ஏதாவது உறவு உண்டா?

ஒரே தலையில் குடியிருப்பு. சிவனின் சடையில் வன்னியும் கொன்றையும் சேர்ந்திருப்பதைத் தேவாரம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. நிலத்துக்கு இறங்கினால்தான் தகராறு. நம் வன்னி மண்ணுக்குப் பெயர் தந்தது வன்னிமரமா, வன்னிபமா, வனமா என்று வழக்கு இழுபடுகிறது. நான் வன்னிமரத்தைக் கோயில் வளவில்தான் பார்த்திருக்கிறேன். காட்டுக்குள் போனால் பாலையும் வீரையும் முதிரையும்தான். உங்கள் ஊருக்கு அந்தச் சிக்கல் இல்லை. பெயரிலேயே முல்லை இருக்கிறது. முல்லைத் திணைப் பாட்டுகளில் கொன்றை வந்து பூப்பதும் உங்கள் முல்லைக்குப் பக்கத்தில்தான்.