யாங் ஆரிப் மாமாவின் அனுமதி

“இதுல சட்டக் கேள்வி எங்க இருக்கு?”

தே தாரிக் கிளாசை மேசையில் வைத்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, இப்படிக் கேட்கும் ஆளை உங்களுக்கும் தெரியும். மாசாயில் ஒருவர், ஸ்கூடாயில் ஒருவர், கூலாயில் இரண்டு பேர் என்று ஜொகூர் முழுவதற்கும் யாரோ பங்கு பிரித்து அனுப்பியிருக்கிறார்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் புத்ராஜெயாவுக்குப் போய், கூட்டரசு நீதிமன்றத்தில் வாதம் நடப்பதைப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தவர். வழக்கு அவருடையதல்ல, சொந்தக்காரர் வழக்கும் அல்ல. என்ன வழக்கு என்று கேட்டால், “அது நெலம் சம்பந்தப்பட்டது, உங்களுக்குப் புரியாது” என்பார். நீதிபதியை விளிக்கும் மலாய்ச் சொல்லை எடுத்து, எங்கள் தாமான் பிள்ளைகள் அவருக்கு யாங் ஆரிப் மாமா என்று பேர் வைத்துவிட்டார்கள். அதைக் கிண்டல் என்று அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அங்கேதான் வினை ஆரம்பித்தது.

யாரையும் மனத்தில் வைத்து இதை எழுதவில்லை. எங்கள் ஒட்டுக்கடையில், காற்றாடிக்கு நேர் கீழே, இரண்டாவது மேசையில் உட்காருகிறவர் தம்மைத்தான் சொல்கிறேன் என்று நினைத்தால், அது தற்செயல்.

லார்க்கினில் இரவு பஸ் ஏறி, சுமார் 300 கிலோமீட்டர் தூங்காமல் போன கதையிலிருந்துதான் எல்லாம் தொடங்கும். நீதி மாளிகையின் குவிமாடத்தை, அதற்குச் சிமெண்டு மூட்டை இவர் வாங்கிக் கொடுத்ததுபோல வருணிப்பார். ஐந்து நீதிபதிகள் வரிசையாக வந்து உட்கார்ந்தது, எல்லாரும் எழுந்து குனிந்து வணங்கியது, வாதாடிக்கொண்டிருந்த பெரிய வழக்கறிஞரை நடுவில் இருந்த நீதிபதி ஒரே கேள்வியில் நிறுத்தியது. அந்தக் கேள்வி என்ன என்று மட்டும் யாருக்கும் சொன்னதில்லை. வழக்கறிஞர் அதற்கு “மச் ஒப்லைஜ்ட்” என்றாராம். அன்று முதல் மேசைக்கு டீ வந்தாலும் இவர் “மச் ஒப்லைஜ்ட்”. கடைக்கார அண்ணன், சீனி குறைந்துவிட்டது என்று திட்டுகிறார் போல என நினைத்துக் கொஞ்ச நாள் கூடுதலாகப் போட்டார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அந்த அனுமதி.

நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்குச் சிவில் வழக்கை நினைத்தவுடன் தூக்கிக்கொண்டு போக முடியாது. உயர்நீதிமன்றத்தில் தோற்றால் மேல்முறையீட்டு நீதிமன்றம் இருக்கிறது, 1994இல் வந்தது. அங்கேயும் தோற்றால், கூட்டரசு நீதிமன்றத்திடம் முதலில் அனுமதி கேட்க வேண்டும். 1964ஆம் ஆண்டு நீதிமன்றங்கள் சட்டத்தின் 96ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. இதுவரை தீர்மானிக்கப்படாத ஒரு சட்டக் கோட்பாடு வழக்கில் இருக்க வேண்டும். அல்லது பொதுமக்களுக்குப் பயன்படும் முக்கியமான சட்டக் கேள்வியாக இருக்க வேண்டும். அல்லது அரசியலமைப்பைப் பற்றியதாக இருக்க வேண்டும். இல்லையென்றால், உன் கதை எவ்வளவு சோகமானாலும், வந்த வழியே போகலாம். தமிழ்ப் பள்ளியும் சீனப் பள்ளியும் அரசியலமைப்புக்கு முரணா என்ற வழக்கில், முரண் இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்புச் சொன்னது. எதிர்த்துப் போனவர்களுக்குக் கூட்டரசு நீதிமன்றத்தில் அனுமதியே கிடைக்கவில்லை. கதவு அங்கேயே சாத்தப்பட்டது. நமக்கும் நிம்மதி.

நீதிமன்றத்துக்கு இந்த ஏற்பாடு தேவைதான். ஒட்டுக்கடைக்கு எதற்கு?

“மாமா, பக்கத்து வீட்டுக்காரன் காடிய எங்க கேட்டு முன்னாடி போட்டுட்டுப் போயிட்டான்.”

“இது எல்லா வீட்டுக்கும் பொருந்துற பொதுக் கேள்வியா, இல்ல உன் வீட்டு கேட்டுக்கு மட்டுமா?”

“என் கேட்டுதான் மாமா.”

“அனுமதி இல்ல. அடுத்தது.”

கோயில் அன்னதானத்தில் சாம்பாருக்கு உப்பில்லை என்று ஒரு தடவை நாலு பேர் சேர்ந்து முறையிட்டார்கள். மாமா கோயில் ஆலோசகர் என்ற முறையில் வாயே வைக்காமல் தள்ளுபடி செய்தார். உப்பு இருக்கிறதா இல்லையா என்பது உண்மை பற்றிய கேள்வியாம். சமையல்காரர் நாக்கில் வைத்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். சாட்சியை நேரில் பார்த்த கீழ்நீதிமன்றத்தின் முடிவில் மேல்நீதிமன்றம் இலேசில் தலையிடாதாம். “சாட்சி யாரு மாமா?” என்றான் ஒரு பையன். “சாம்பார்தான்” என்றார், கண் இமைக்காமல். அனுமதி கிடைக்காமலேயே ஊறுகாய் தொட்டுக்கொண்டு சாப்பிட்டு முடித்தோம்.

தாமான் கூட்டத்துக்கு அவர் வந்தால், எந்த விஷயத்துக்கு எத்தனை பேர் அமர்வு என்பதிலேயே அரை மணி நேரம் போகும். குப்பைத் தொட்டி மூவருக்கு. கால்வாய் அடைப்பு ஐவருக்கு. தீபாவளி விருந்தில் கோழியா ஆடா என்பதற்கு ஒன்பது பேர் வேண்டும் என்றார். கிளந்தான் ஷரியா சட்ட வழக்குக்கு ஒன்பது பேர் உட்கார்ந்து, 2024 பிப்ரவரியில் எட்டுக்கு ஒன்று என்று தீர்ப்புச் சொல்லவில்லையா? அதைவிட ஆடு என்ன குறைச்சல்?

வீட்டில் மட்டும் இந்தப் பாச்சா பலிக்காது. கூரை ஒழுகுகிறது என்று அத்தை சொன்னபோது அவர் சட்டக் கேள்வி கேட்டுப் பார்த்தார். அத்தை வாளியை எடுத்து அவர் நாற்காலி இருந்த இடத்தில் வைத்துவிட்டு, நாற்காலியை வெளியே போட்டார். அதற்குமேல் போக வழி ஏது? லண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சிவில் மேல்முறையீடு போகும் கதவையும் 1985 ஜனவரி 1ஆம் தேதி மூடிவிட்டார்கள்.

கடிதத்துக்குப் பதில் எழுத மாட்டார் என்பது இன்னொரு பழக்கம். 1953இல் ஜொகூர் அரசாங்கத்தின் தற்காலிகச் செயலாளர், பத்து புத்தே தீவுக்கு நாங்கள் உரிமை கோரவில்லை என்று சிங்கப்பூருக்கு ஒரு பதில் எழுதினார். 2008இல் ஹேக் நீதிமன்றம், அந்தக் கடிதத்தையும் முக்கியமாக வைத்துத் தீவைச் சிங்கப்பூருக்குக் கொடுத்தது. அதனால் மாமா தண்ணீர் பில்லுக்கும் வாய் திறப்பதில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். இந்திரா காந்தி வழக்கைப் பற்றி மாமா பேசும்போது பாவனை எல்லாம் போய்விடும். ஈப்போவில் பாலர் பள்ளி ஆசிரியை. 2009இல் கணவர் மதம் மாறி, அம்மாவுக்குத் தெரியாமல் மூன்று பிள்ளைகளையும் மாற்றிவிட்டார். ஒன்பது வருஷம் நீதிமன்றப் படி ஏறி, 2018 ஜனவரி 29ஆம் தேதி, அந்த மதமாற்றம் செல்லாது, தாய் தந்தை இருவர் சம்மதமும் வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். இதைச் சொல்லும்போது மாமாவின் குரல் கம்மும். கடையில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருப்போம். அந்த நேரத்தில் அவரை எனக்குப் பிடிக்கும்.

ஒரு நாள் பாத்திரம் கழுவும் அக்கா கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “தீர்ப்பு சரிங்க அண்ணே, அந்தக் கைப்பிள்ள அம்மாகிட்ட வந்துச்சா?”

கடைசிக் குழந்தையைத் தகப்பன் தூக்கிக்கொண்டு போனபோது அதற்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. தீர்ப்பு வந்து வருஷங்கள் ஓடிய பிறகும் அந்தத் தாய் தேடிக்கொண்டுதான் இருந்தார். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அது அமலாக்கம்மா. வேற விஷயம்.”

அக்கா ஒன்றும் சொல்லாமல் பாத்திரத்துக்குத் திரும்பினார்.

வேறு விஷயம் என்று தள்ளியதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரையைச் சிரிப்போடு முடித்திருப்பேன். அவர் ஒருவருக்கு அனுமதி கொடுத்துவிட்டார்.

பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்த தம்பி. விசாரணை இல்லாமல் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தான். மாமா படித்தார். முகம் மலர்ந்தது. சட்டக் கேள்வி இருக்கிறதாம்! அரசியலமைப்பின் 5ஆவது விதி சொல்லும் உயிர் என்பதில் பிழைப்பும் அடங்கும் என்று 1996இல் நீதிபதி கோபால் ஸ்ரீராம் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுதினாரே, அதை வைத்து மேலேவரை போகலாமாம். அன்றிலிருந்து சாயங்காலம்தோறும் இரண்டாவது மேசையில் அமர்வு. பையன் டீ வாங்கிக் கொடுத்தான். மாமா தாமே வாதாடி, தாமே குறுக்கிட்டு, தாமே தீர்ப்பை ஒத்திவைத்தார். எங்களில் பாதிப் பேர் கைதட்டினோம்.

அந்தப் பையனுக்குத் தேவைப்பட்டது ஒரு பாரம். வேலை நீக்கம் அநியாயம் என்று நினைக்கிற தொழிலாளி, நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையீடு கொடுக்க வேண்டும். 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டம், 20ஆம் பிரிவு. கொடுத்தால் இரு தரப்பையும் கூப்பிட்டுச் சமரசம் பேசுவார்கள். ஒத்துவராவிட்டால் வழக்கு தொழில் நீதிமன்றத்துக்குப் போகும். 60 நாள் தாண்டினால் அந்த வழி அடைபட்டுவிடும். அவன் இலாகாவுக்குப் போனபோது தாண்டியிருந்தது. மாமா பிடித்துத் தொங்கிய 5ஆவது விதியும் அவனுக்கு உதவியிருக்காது. அடிப்படை உரிமைகள் அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் முதலாளியை அல்ல என்று 2005இல் ஒரு விமானப் பணிப்பெண் வழக்கில் சொன்னது வேறு யாருமல்ல, மாமா கும்பிட்டுவிட்டு வந்த அதே கூட்டரசு நீதிமன்றம்தான்.

பையன் இப்போது சிங்கப்பூருக்கு மோட்டாரில் போய்வருகிறான். கடைப் பக்கம் வருவதில்லை. மாமாவிடம் கேட்டால், அந்த வழக்கு நல்ல வழக்கு என்கிறார்.

மாமா, உங்கள் மேல் எனக்குக் கோபம்தான், எழுதிவிடுகிறேன். உச்சியில் நடக்கிற வாதத்தை ஒரு நாள் பார்த்துவிட்டு வந்தீர்கள், சந்தோஷம். அங்கே கேட்கிற கேள்வியெல்லாம், அடியில் யாரோ ஒருவர் சரியான கவுண்டரில், சரியான நாளில், சரியான தாளைக் கொடுத்ததால் மேலே ஏறிப் போனவை. நம் ஆட்கள் தோற்பது பெரும்பாலும் புத்ராஜெயாவில் இல்லை. அந்தக் கவுண்டருக்கே போய்ச் சேராமல் தோற்கிறார்கள்.

இனி யாராவது கடிதத்தோடு வந்தால், சட்டக் கேள்வியைத் தேடாதீர்கள், தேதியைப் பாருங்கள். பார்த்தவுடன் மோட்டாரில் ஏற்றி ஜொகூர் பாருவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். எண்ணெய்க் காசு நான் தருகிறேன். திரும்பி வந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாதாடுங்கள், கேட்கிறோம். அதற்கு அனுமதி உண்டு.