இரண்டாம் மதிப்பீடு போடாதவர்

சேர்வராயன் மலையில் யூகம் சொல்வது புதுத் தொழில் அல்ல. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால் பத்து நாளில் காப்பிச் செடி வெள்ளையாகப் பூத்துவிடும். அந்தப் பூவைப் பார்த்தே டிசம்பர்ப் பறிப்பில் எத்தனை மூட்டை தேறும் என்று சொல்லிவிடும் பெரியவர்கள் நாகலூர்ப் பக்கம் உண்டு. இப்போது டீக்கடை பெஞ்சில் அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு புதுக் கணிப்பாளர் உட்கார்ந்திருக்கிறார். வயது இருபத்தைந்தை ஒட்டி; ஊரில் எந்தத் திருப்பத்தில் நின்றால் சிக்னல் கிடைக்கும் என்று அறிந்தவர். இன்னும் வெளிவராத வாழ்க்கை கேம்தான் அவருடைய துறை. மனிதர்களை உருவாக்கி, வீடு கட்டிக் கொடுத்து, வேலைக்கு அனுப்பி, கல்யாணமும் செய்துவைக்கிற கேம் அது. தன் கல்யாணப் பேச்சை வீட்டில் எடுத்தால் மட்டும் “இப்ப என்ன அவசரம்?” என்பார். யூகக்காரர் என்றே அவரை வைத்துக்கொள்வோம்.

யூகக்காரருக்கு ஆதாரம் என்பது தட்டுப்பாடே இல்லாத சரக்கு. டிரெய்லரில் ஒரு வாசலில் சைக்கிள் நின்றால், அடுத்து கார் வரப்போகிறது. மேகம் தெரிந்தால் மழைக்காலம் உண்டு. தெரியாவிட்டால் மழைக்காலத்தை ரகசியமாக வைத்திருக்கிறார்கள். கேம் செய்கிறவர்கள் பேசினால் ரிலீஸ் நெருங்கிவிட்டது, வாய் திறக்காவிட்டால், “பெருசா ஏதோ பண்றாங்கண்ணா.” தென்கொரியாவின் கிராஃப்டன் வெளியிட்ட இன்ஸாய் என்ற வாழ்க்கை கேம் ஓட, குறைந்தது 12 ஜிபி ரேமும் ஆர்டிஎக்ஸ் 2060 தரத்தில் கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டும். அவரிடம் இருப்பதோ பள்ளியில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. அதில் அந்த கேமின் படத்தைத் திறந்தாலே மின்விசிறி இரைகிறது. ஆனாலும் அதன் வெளிச்சமும் நிழலும் பற்றி அவரிடம் முடிந்த முடிவுகள் உண்டு.

இவருடைய கணிப்பு பொய்த்துப்போவதால் சிரிக்கிறோம் என்றால், அது நியாயமில்லை. கேம் செய்கிறவர்களே இவரைவிட நன்றாகக் கணித்ததாகத் தெரியவில்லை. பாரடாக்ஸ் நிறுவனம் ‘லைஃப் பை யூ’ என்ற கேமை 2023 மார்ச்சில் அறிவித்தது. தலைமை தாங்கியவர் ராட் ஹம்பிள். முன்பு சிம்ஸ் என்ற வாழ்க்கை கேம் வரிசைக்கே பொறுப்பாக இருந்தவர். முதல் தேதி 2023 செப்டம்பர் 12. அது 2024 மார்ச் 5 ஆனது; பிறகு ஜூன் 4 ஆனது; பிறகு தேதியே இல்லாமல் போனது. அந்த ஜூன் மாதத்திலேயே கேமைக் கைவிட்டு, அதைச் செய்த ஸ்டூடியோவையும் மூடினார்கள். ஆளும் பணமும் கையில் இருந்தவர்களே மூன்று தேதி சொல்லி மூன்றிலும் தவறும்போது, பெஞ்சில் உட்கார்ந்து தவறுகிறவரை மட்டும் பிடித்து உலுக்குவது ஏன்?

குறை வேறு இடத்தில் இருக்கிறது. காபி வாரியம் ஆண்டுதோறும் விளைச்சலைப் பூத்த பிறகு ஒருமுறை மதிப்பிடுகிறது. மழைக்காலம் முடிந்ததும் மறுபடி மதிப்பிடுகிறது. அதில் சேர்வராயன் மலைக்குத் தனிக் கணக்கே உண்டு. மழையில் காய் உதிர்ந்திருந்தால் முதலில் சொன்ன எண்ணை வெட்கமில்லாமல் குறைத்து எழுதுகிறார்கள். யூகக்காரரிடம் முதல் மதிப்பீடு ஏராளம்; இரண்டாவது கிடையவே கிடையாது. மான்ட்ரியாலின் அலெக்ஸ் மாசே 2019-இல் அறிவித்த ‘பாராலைவ்ஸ்’ கேமுக்கு 2025 டிசம்பர் 8 என்று தேதி சொன்னார்கள். அதை நெருங்கும் நேரத்தில் 2026 மே 25-க்குத் தள்ளினார்கள். சோதித்துப் பார்த்தவர்கள் சொன்ன குறைகளைச் சரிசெய்ய அவகாசம் கேட்டார்கள் அவர்கள். அதாவது, காய் உதிர்ந்ததைப் பார்த்துக் கணக்கைத் திருத்தினார்கள். யூகக்காரரோ, “நான் அப்பவே சொன்னேன்ல?” என்றார். அப்போது அவர் சொன்னது அக்டோபர்.

யாருக்கும் கெடுதல் இல்லாத பொழுதுபோக்குதானே, விட்டுவிடலாமே என்று கேட்கலாம். கேம் இலவசமாக இருந்தால் விட்டுவிடலாம். ஆனால் பாராலைவ்ஸ் வளர்ந்ததே ரசிகர்கள் பேட்ரியான் வழியாக மாதாமாதம் கொடுத்த பணத்தில். அரைகுறையாக இருக்கும்போதே விற்கும் ‘எர்லி ஆக்சஸ்’ முறையில், வாங்குகிறவர் கையிலிருப்பதற்கு மட்டுமல்ல, வரப்போவதாக நம்புவதற்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறார். அந்த நம்பிக்கைக்கு உரம் போடுகிறவர் நம் யூகக்காரர். அவர் ஒருபோதும் யூகிக்காதது ஒன்று உண்டு: எது இருக்காது என்பது. 2014 செப்டம்பரில் சிம்ஸ் 4 வந்தபோது நீச்சல் குளம் இல்லை. நடை பழகும் குழந்தைகளும் இல்லை. இரண்டும் முந்தைய சிம்ஸில் இருந்தவை. குளம் அந்த நவம்பரிலேயே வந்துவிட்டது. குழந்தைகள் நடக்க 2017 ஜனவரி ஆயிற்று.

ஆகவே அவரை யூகிக்க வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை; சொன்னாலும் நிற்காது. ஒரு நாற்பது பக்க நோட்டில் கணிப்பைத் தேதியோடு எழுதி, காட்டப்படாதவற்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துத் திருத்தினால் போதும். காப்பிப் பெரியவர்களின் வரிசையில் அவருக்கும் இடம் உண்டு. யோசனை அவருக்குப் பிடிக்கும். நோட்டு எப்போது வாங்குவார் என்பதற்கும் ஒரு தேதி சொல்வார்.