ஆர்க்கிடுக்கு டீ வேண்டாம்

செருப்பு ஆர்க்கிட் பூவின் கீழிதழ் குழிந்து, செருப்பின் முன்பக்கம்போல் ஒரு பையாகியிருக்கும். பைக்குள் வழுக்கி விழும் பூச்சியைப் பூ தின்பதில்லை. பூச்சி பின்பக்கத்துக் குறுகிய வழியில் ஏறி வெளியேறும்போது அதன் முதுகில் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். பூவுக்கு வேண்டியது அவ்வளவே. இதைப் பத்து நிமிடம் பொறுமையாக விளக்கிய பிறகும், விரலை உள்ளே விட்டு "கடிக்குமா?" என்று கேட்பவர்களுக்குக் குறைவில்லை.

இக்கூட்டத்தில் 5 பேரினங்கள் உண்டு. வீட்டில் வளர்ப்பதற்கு ஏற்றது தெற்கு, தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த பாபியோபெடிலம். நம் பக்கத்திலும் ஒன்று இருக்கிறது. அகத்தியமலையில் மட்டுமே வளரும் ட்ரூரி என்ற மஞ்சள் பூ இனம், சேகரிப்பாளர்களின் ஆசைக்கு இரையாகி, அழிந்தே போயிற்று என்று கருதப்பட்டு, 1970-களில் மறுபடி கண்டறியப்பட்டது. காட்டில் பிடுங்கிய பாபியோபெடிலம் எதையும் சர்வதேச வணிகம் செய்ய சைட்ஸ் உடன்படிக்கை தடை விதித்திருக்கிறது. ஆகவே நர்சரியில் வளர்த்த செடியையே வாங்க வேண்டும். திசு வளர்ப்பில் நகலெடுக்க இவை எளிதில் இணங்குவதில்லை. ஒவ்வொரு செடியும் விதையிலிருந்தோ தூரைப் பிரித்தோ வந்ததாகவே இருக்கும். விலையைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் இதை நினைவில் கொள்ளலாம்.

தொடங்குபவர் இலையைப் பார்த்து வாங்க வேண்டும். இலையில் திட்டுத்திட்டாகப் பச்சை வேறுபாடு இருந்தால் வெப்பம் தாங்கும் வகை. ஒரே பச்சையாக இருப்பவற்றில் பல ஊட்டி, கொடைக்கானல் குளிரைக் கேட்கும். மாடியே என்ற கலப்பினமும் அதன் வழிவந்தவையும் முதல் செடிக்குப் பொருத்தம். கினபாலு மலையின் ராத்ஸ்சைல்டியானம் விதையிலிருந்து பூக்கப் பத்தாண்டுகூட ஆகலாம். அது பேரக்குழந்தைக்கு வாங்கிவைக்கும் செடி.

கிழக்குச் சன்னலின் காலை வெளிச்சம் போதும். இலை கரும்பச்சையானால் வெளிச்சம் போதவில்லை, மஞ்சளித்தால் மிகை. மண் கூடாது, பொடியாக உடைத்த மரப்பட்டை, கரித்துண்டு, பெர்லைட் கலந்த கலவைதான் நட ஏற்றது. மற்றப் பல ஆர்க்கிடுகளைப்போல நீர் சேர்த்துவைக்கும் தண்டுக்கிழங்கு இதற்கு இல்லாததால் கலவை முற்றும் காயக்கூடாது. காலையில் ஊற்றி, அடித்துளை வழியே முழுதும் வடியவிட வேண்டும். இலைக்கூட்டின் நடுவில் தண்ணீர் தங்கினால் குருத்து அழுகும். போர்வெல் உப்பு இலைநுனியைக் கருக்கும், மழைத்தண்ணீர் சிறந்தது.

உரம், பொட்டலத்தில் சொன்ன அளவில் கால் பங்கு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. இதற்கு மேல் ஒன்றும் கிடையாது. தொட்டி என்று ஒன்று கண்ணில் பட்டால் அடுக்களையிலிருந்து எதையாவது கொண்டுவந்து கொட்டாமல் இருக்க முடியாத நாட்டில் இதைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. அரிசி களைந்த நீர், உளுந்து களைந்த நீர், மாவுப் பாத்திரம் அலம்பிய நீர், மீன் கழுவிய நீர், புளித்த மோர், வாழைப்பழத் தோல், வெங்காயச் சருகு, நேற்றைய காப்பி டிகாக்‌ஷன். கறிவேப்பிலைச் செடி இவ்வளவையும் குடித்துவிட்டுத் தழைக்கிறது என்பதுதான் எல்லா வினைக்கும் மூலம். சென்ற ஞாயிறு ஒரு வீட்டில், மொட்டு விட்டு நின்ற மாடியேயின் தொட்டியில், விருந்துக்கு வந்த பெரியம்மா ஒருவர் வடிகட்டியோடு டீச் சக்கையைத் தட்டினார். பால், சர்க்கரை, ஏலக்காய், இஞ்சி சகிதம். நசுங்கிய இஞ்சித் துண்டொன்று இலைக்கூட்டின் நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. "உரம்தானேப்பா" என்றார். இதன் வேருக்கு உரத்தைவிடக் காற்று முக்கியம். பட்டைகளுக்கிடையே உள்ள சந்தில்தான் அந்தக் காற்று இருக்கிறது. சக்கை போய் அடைப்பதும் அதே சந்தைத்தான். பிறகு பூஞ்சணம், கொசுறாக எறும்பு. இதையெல்லாம் பெரியம்மாவிடம் சொன்னால், அவர் மாமியார் வீட்டு ரோஜாவின் வரலாற்றை முழுக்கக் கேட்க வேண்டிவரும். முட்டை ஓட்டைப் பற்றி மட்டும் அவரிடம் வாய் திறக்க முடியாது. சுண்ணாம்புப் பாறையில் வளரும் சில பாபியோபெடிலங்களுக்கு வளர்ப்பவர்களே கிளிஞ்சல் தூள் போடுகிறார்கள். இந்த உண்மை பெரியம்மாக்கள் காதுக்கு எட்டாமல் காப்பது வளர்ப்பவரின் கடமை.

ஒரு குருத்து ஒருமுறைதான் பூக்கும். அடுத்த பூ பக்கத்தில் கிளைக்கும் புதுக் குருத்து முதிர்ந்த பின்பே. போதிய வெளிச்சமும் இரவில் சில டிகிரி வெப்பக் குறைவும் மொட்டுக்கு உதவும். மொட்டுறை தெரிந்த நாளிலிருந்து வளர்ப்பவர் பல் துலக்கும் முன் டார்ச் அடித்துப் பார்ப்பது வழக்கம். செடிக்கு இதனால் நன்மையில்லை, கேடும் இல்லை. பூத்தண்டு நீளும்போது தொட்டியைத் திருப்பினால் தண்டு கோணும். விரிந்த பூ ஆறு முதல் எட்டு வாரம் நிற்கும். பார்க்க வருகிறவர் "பிளாஸ்டிக்கா?" என்று கேட்டு நகத்தால் கீறாமல் இருந்தால்.

மரப்பட்டை மக்கிவிடும் என்பதால், பூ முடிந்ததும் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை கலவையை மாற்ற வேண்டும். தூரைப் பிரிப்பதானால் கத்தியைத் தீயில் காட்டிக்கொள்ள வேண்டும். வைரஸ் கத்தி வழியாகவும் பரவும். பிரித்த ஒவ்வொரு பங்கிலும் 3 குருத்தாவது வேண்டும். "ஒரு சின்னக் குருத்துதானே" என்று பெரியம்மா பையோடு வந்து நின்றாலும் இந்தக் கணக்கு மாறாது. ஒற்றைக் குருத்தைக் கிள்ளினால் இரண்டு வீட்டிலும் சில ஆண்டுகளுக்குப் பூ இல்லை.