மேஸ்திரியின் வாஷர்கள்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவனைக் கண்டு யாரும் பொறாமைப்படுவதில்லை. ‘இன்னும் இருக்கா?’ என்று விசாரிப்பதோடு சரி. இருக்கிறது. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

தகடு வில்லங்கம் இந்தக் காருக்குப் பிறப்பிலேயே உண்டு. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு-டிரையம்புக்கு பாடி அடித்துக் கொடுத்த கம்பெனியை 1953-இல் போட்டிக்காரர்கள் வாங்கிவிட்டார்கள். முழு பாடியை ஒரே கூடாகச் செய்து தர ஆளில்லை. சரி என்று தனி சேஸிஸ் போட்டு, பாகம் பாகமாக போல்ட்டில் முடுக்கி 1959-இல் ஹெரால்டை இறக்கினார்கள். வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. அழகுக்கு அவர் பொறுப்பு, போல்ட்டுக்கு நாம். 1961 முதல் மெட்ராஸிலேயே தயாரானது.

போல்ட்டில் நிற்கிற பாடிதானே, கழற்றி மாட்டினால் போச்சு என்று தோன்றும். துருவேறிய போல்ட்டுக்கு அப்படித் தோன்றாது. ஸ்பானர் வழுக்கும், மேஸ்திரி கட்டிங் மெஷினை எடுப்பார். அதற்குப் பிறகு நடப்பது அறுவை.

எங்கள் மேஸ்திரி தட்டிப் பார்த்தே நோய் சொல்லிவிடுவார். எனக்குத்தான் நிரூபணம் வேண்டும். வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்த மாம்பழத்தைக் கொண்டுபோனேன். முன்கதவில் ஒட்டியது. பின் மட்கார்டில் வைத்தேன், பொத்தென்று விழுந்தது. “தகரம் இல்ல சார், பூரா பட்டி” என்று உளியால் ஒரு தட்டு தட்டினார். விரல் தடிமனுக்குப் பெயர்ந்து வந்தது: பச்சை, சாம்பல், மறுபடி பச்சை. அடியில் யாரோ ஒரு புண்ணியவான் நல்லெண்ணெய் டின்னைத் தட்டி நிமிர்த்தி ரிவெட் அடித்திருந்தார். செக்கு மாட்டின் பின்பாதி தெளிவாகத் தெரிந்தது. கம்பெனித் தகடு பொடியாக உதிர, வெள்ளீயம் பூசிய டின் மட்டும் ஜம்மென்று இருந்தது.

மட்கார்டை இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம். கப்பல் கூலியைக் கேட்டதும் தேசபக்தி தானாக வரும். அடிப்பாகம் அரித்துப்போன பின்கதவுக்கு அந்த வழியும் இல்லை. அங்கே ஹெரால்டுக்கு இரண்டே கதவு. நாலு கதவு வைத்தது மெட்ராஸ்காரர்கள். நம் குடும்பங்களின் அளவு அவர்களுக்குத் தெரியும். புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். “ஹெரால்டா? எங்கப்பா இருந்தப்ப வந்திருக்கணும் சார்” என்றார் ஒருவர்.

கடைசியில் தகடு வாங்கி, கதவின் அடிப்பாகத்தை மட்டும் கொட்டாப்புளியால் தட்டியே உருவாக்குவது என்று முடிவாயிற்று. கேஜ் எண் ஏற ஏறத் தகடு மெலியும். 20-க்குப் பதில் 22 கேஜ் போட்டால் மிச்சமாகுமே என்றேன். மேஸ்திரி என்னைப் பார்த்த பார்வை 18 கேஜ்.

வெல்டிங் வைக்குமுன் கதவை மாட்டி மூடிப் பார்க்க வேண்டும். வினை அங்கேதான். சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவே வாஷர் அடுக்கி இடுக்குகளைச் சரிசெய்கிற கார் இது. பின்னால் ஒரு வாஷர் கூட்டினால் முன்கதவு கோபித்துக்கொள்ளும். அதைச் சமாதானப்படுத்தினால் பானெட் முறுக்கிக்கொள்ளும். மூக்கு, மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக முன்னால் கவிழும் பானெட். அது ஒரு நூல் விலகினாலும் தெருவுக்கே தெரியும்.

ஒருவழியாக இடது பக்கம் வரிசைக்கு வந்தது. மேஸ்திரி பத்தடி தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

“இப்பதான் சார் தெரியுது. ரைட் சைடு பூரா தொங்குது.”

“அப்ப லெஃப்ட்டைப் பழையபடி இறக்கிடுங்களேன், ரெண்டும் ஒண்ணாயிடும்ல?” என்றாள் என் மனைவி.

மேஸ்திரி யோசித்தார். “செலவும் கம்மிதாம்மா.”