ஒன்பதில் ஐந்து போதும்!

(இந்த வாரம் முழுக்க ஃபேன்டஸி பாஸ்கெட்பால் கேள்விகள்: நிஜ என்பிஏ வீரர்களை டிராஃப்டில் எடுத்து அணி சேர்த்து, அவர்கள் நிஜ ஆட்டங்களில் எடுக்கும் எண்களை வைத்து மோதும் விளையாட்டு. பதில்களில் வரும் சராசரிகள் 2024-25 என்பிஏ சீசனுடையவை.)

கே: டிராஃப்ட் முடிந்த கையோடு என் அணிக்கு 'டி' கிரேடு கொடுத்துவிட்டது ஆப். முதல் சுற்றில் யான்னிஸை எடுத்தது அவ்வளவு பெரிய குற்றமா?

ப: குற்றமே இல்லை. கிரேடு போடும் கணக்கு புள்ளி, ரீபவுண்டு, அசிஸ்ட், ஸ்டீல், பிளாக், மூன்று புள்ளி எறிதல், ஃபீல்டு கோல் சதவீதம், ஃப்ரீ த்ரோ சதவீதம், குறைந்த டர்ன்ஓவர் என ஒன்பது பிரிவுகளையும் கூட்டிப் பார்க்கிறது. வாரா வாரம் எதிராளியோடு மோதும் லீகில் ஜெயிக்க ஐந்து பிரிவு போதும். யான்னிஸ் ஆட்டத்துக்குப் பத்து ஃப்ரீ த்ரோவுக்கு மேல் எறிகிறார், அதில் 61.7 சதவீதம்தான் உள்ளே போகிறது. அந்த ஒரு பிரிவு டிராஃப்ட் அன்றைக்கே உங்கள் கையை விட்டுப் போய்விட்டது. போகட்டும்! இனி ஃப்ரீ த்ரோ தடுமாறுகிறவர்களை மற்றவர்கள் ஒதுக்க ஒதுக்க, நீங்கள் மலிவாக அள்ளலாம். கோபேர் வந்தால் ரீபவுண்டும் ஃபீல்டு கோல் சதவீதமும் ஏறும். டைசன் டேனியல்ஸ் வந்தால் ஆட்டத்துக்கு மூன்று ஸ்டீல். இவர்களுடைய ஃப்ரீ த்ரோ குறை, அந்தப் பிரிவை ஏற்கெனவே கைகழுவிய உங்களை ஒன்றும் செய்யாது. 'டி' கிரேடு அணி கோப்பை தூக்குவது இப்படித்தான்.

கே: ஃப்ரீ த்ரோவைச் சரிக்கட்டத்தான் அடுத்து ஸ்டீஃபன் கரியை எடுத்தேன். 93 சதவீதம் ஆயிற்றே?

ப: சதவீதத்தைப் பார்த்தீர்கள், எத்தனை முறை எறிகிறார் என்று பார்க்கவில்லை. கரி எறிவது யான்னிஸ் எறிவதில் பாதிகூட இல்லை. இருவரையும் சேர்த்துப் போட்டால் எழுபதைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அதைச் சரிக்கட்ட இன்னும் இரண்டு மூன்று கரி வேண்டும். உலகத்தில் இருப்பது ஒருவர். ஆனாலும் அவரை விற்றுவிடாதீர்கள். ஆட்டத்துக்கு நான்குக்கு மேல் மூன்று புள்ளி எறிதல்கள் போடுகிறவர், யான்னிஸ் அணிக்கு அதில்தான் பஞ்சம்.

கே: என் அணியில் எல்லோருமே இருபது புள்ளிக்கு மேல் அடிப்பவர்கள். என்னை யார் ஜெயிப்பது?

ப: எல்லோரும். பந்தியில் உட்கார்ந்தவர் இலையில் பத்துப் பேரும் பாயசமே ஊற்றினால் சோறு யார் போடுவது? புள்ளிகள் ஒரு பிரிவு. நூறு அதிகம் அடித்தாலும் ஒன்று அதிகம் அடித்தாலும் கிடைப்பது அதே ஒரு வெற்றிதான். மேலும், நிறைய அடிப்பவர் கையில்தான் பந்து அதிக நேரம் இருக்கும், டர்ன்ஓவரும் அங்கேயே பிறக்கும். டிரே யங் 11.6 அசிஸ்ட் தருகிறார், கூடவே 4.7 டர்ன்ஓவரும் தருகிறார். அடிப்பவர்களில் ஒருவரைக் கொடுத்து, பிளாக் செய்யும் சென்டர் ஒருவரை உடனே வாங்குங்கள்.

கே: வெம்பன்யாமாவை நம்பலாமா?

ப: ஆட்டத்துக்கு 3.8 பிளாக். கோபேருக்கே 1.4தான். ஒரே ஆள் ஒரு பிரிவை ஜெயித்துத் தருவது வெம்பன்யாமாவிடம்தான் நடக்கும். ஆனால் அந்த சீசனில் அவர் ஆடியது 46 ஆட்டங்கள். வலது தோளில் ரத்தக்கட்டி என்று பிப்ரவரியிலேயே ஒதுங்க வேண்டியதாயிற்று. பெரும்பாலான லீக்குகளில் பிளேஆஃப் தொடங்குவது மார்ச்சில். ஆகவே அவரை எடுத்தவர் அடுத்த மூன்று நான்கு சுற்றுகளில் காயப்படாத, அலுக்காமல் ஆடுகிற ஆட்களைச் சேர்த்தாரா என்று பாருங்கள். சேர்த்திருந்தால் அது துணிச்சல். சேர்க்காமல், காயத்துக்குப் பேர்போன இன்னொருவரையும் எடுத்திருந்தால் சூதாட்டம்.

கே: கடைசிச் சுற்றில் பேரும் புகழும் உள்ள மூத்த வீரரா, யாருக்கும் தெரியாத இளைஞரா?

ப: இளைஞர். அவரிடம் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: களத்தில் எத்தனை நிமிடம் கிடைக்கப்போகிறது? டைசன் டேனியல்ஸ் நியூ ஆர்லியன்ஸில் ஆட்டத்துக்கு ஆறு புள்ளிகூட எடுக்காதவர். 2024-இல் அட்லாண்டாவுக்கு மாறினார், நிமிடங்கள் கூடின. 1990-91-இல் அதைச் செய்த ஆல்வின் ராபர்ட்சனுக்குப் பிறகு சராசரி மூன்று ஸ்டீலைத் தொட்ட முதல் ஆள் ஆனார். திறமை நியூ ஆர்லியன்ஸிலும் இருந்தது. நிமிடம்தான் இல்லை.

கே: என் ஒரு நட்சத்திரத்துக்கு இரண்டு நல்ல வீரர்கள் தருகிறேன் என்கிறார் நண்பர். வாங்கலாமா?

ப: இரண்டு பேர் உள்ளே வந்தால் உங்களிடமிருந்து இன்னொருவர் வெளியே போக வேண்டும். நண்பருக்கோ காலியிடம் ஒன்று கிடைக்கிறது; அதில் இலவசமாக ஒருவரைப் பிடித்துக்கொள்வார். வெளியே போகப்போகிறவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள். மனசு வலித்தால் வேண்டாம்.

கே: பரம்பரை லேக்கர்ஸ் ரசிகன் நான். ஐந்து லேக்கர்ஸ் வீரர்களை எடுத்துவிட்டேன். சரிதானே?

ப: லேக்கர்ஸுக்கு வாரத்தில் இரண்டே ஆட்டம் என்றால் ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள். ஆட்டத்துக்கு 15 புள்ளி எடுப்பவர் நான்கு முறை ஆடினால் 60. 25 எடுப்பவர் இரண்டு முறை ஆடினால் 50தான். இருவரை வைத்துக்கொண்டு மூவரை மாற்றுங்கள். அந்த இருவரில் டான்சிச் கட்டாயம் இருக்கட்டும். 2025 பிப்ரவரியில் டாலஸ் நிர்வாகம் அவரை லேக்கர்ஸுக்குக் கொடுத்தபோது டாலஸ் ரசிகர்கள் அழுதார்கள். அவரை ஃபேன்டஸி அணியில் வைத்திருந்த டாலஸ்காரருக்கு மட்டும் அவர் எங்கேயும் போகவில்லை.