கூறு போடும் பெரியப்பா

அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினை என்றால் வக்கீலுக்கு முன்னால் பெரியப்பாவுக்குத்தான் ஆள் போகும். ஊருக்கு ஒருவர் இப்படி இருப்பார். ஒருவகையில் எல்லோருக்கும் பெரியப்பா. வந்தவர் பத்திரத்தைப் பார்ப்பதில்லை, சமையற்கட்டைப் பார்ப்பார். காபி கொண்டுவருவது எந்த மருமகள், எட்டியே பார்க்காதது எந்த மருமகள் என்பதிலேயே பாதி வழக்கு அவருக்குப் பிடிபட்டுவிடும்.

காடு தோட்டம் பிரிப்பது அவருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. "பெரியவன் கூறு போடட்டும், சின்னவன் முதல்ல எடுக்கட்டும்." அதற்கப்புறம் பெரியவன் வரப்பு வரப்பாகச் சங்கிலி பிடித்து அளக்கிற நேர்மை இருக்கிறதே, அடடா! அப்படியும் ஒத்துவராவிட்டால் திருவுளச்சீட்டு. எடுப்பது அடுத்த வீட்டுக் குழந்தையாக இருக்க வேண்டும். சொந்த வீட்டுக் குழந்தைக்குக் கண்ஜாடை புரியுமாம்.

திணறுவது கிணற்றில்தான். அதை வெட்டிக் கொடுக்க முடியாதே! எட்டில் ஒரு பங்கு, பதினாறில் ஒரு பங்கு என்று எழுதி, யாருக்கு எந்தக் கிழமை மோட்டார் முறை என்றும், மாமூல் வண்டித்தடம் எது என்றும் சேர்த்துவிடுவார். "என் முறையன்னிக்குத்தான் கரண்ட் போகுது" என்று தம்பி மறுபடி வந்து நின்றால், "மின்வாரியத்தையும் நானே பாகம் பிரிக்கட்டுமாடா?" என்பார்.

பித்தளை அண்டாவுக்கு இருவரும் மல்லுக்கு நின்றபோது, அண்டா அண்ணனுக்கு, மூடி தம்பிக்கு என்று தீர்ப்பானது. எனக்கென்னவோ இதுதான் அவருடைய உச்சம். இன்றுவரை ஒரு விசேஷத்துக்குச் சோறு வடிக்க வேண்டுமென்றாலும் ஒருவர் வாசலுக்கு மற்றவர் போயாக வேண்டும்.

ஒரு கணக்கு மட்டும் அவருக்கு வராது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே ஆகிவிட்டது. 2005-இல் நாடு முழுக்க வந்தது. பெரியப்பா காதுக்கு மட்டும் வரவில்லை. "பாப்பாவுக்குத்தான் நகை போட்டாச்சே, ஒரு விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுடட்டும்" என்பார். பாப்பாவுக்கு வயது ஐம்பது, பேரன் எடுத்தாயிற்று.

போன தடவை ஒரு பாப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கேட்டது: "போட்டது எட்டுப் பவுன், தென்னந்தோப்பு மூணு ஏக்கரா. ரெண்டும் சரிக்குச் சரின்னா, அண்ணன் அந்த எட்டுப் பவுனை வாங்கிக்கட்டும் பெரியப்பா. நான் தோப்பை எடுத்துக்கறேன்."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம். அப்போது மணி காலை பதினொன்று.